சந்தை நிலவரப் பத்தியும் கடைக்காரர் டேஷ்போர்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சந்தை நிலவரப் பத்தியில் ஒரு சிறு மாற்றம் கேட்டு இதை எழுதுகிறோம். நம் குமரி மாவட்டத்துத் தோவாளைப் பூ, வடசேரிக் காய்கறி, குளச்சல் மீன், குலசேகரம் ரப்பர் விலைகளை இப்போது வாசகர்கள் கண்ணால் படிப்பது மட்டுமில்லை. எக்செல்லில் ஏற்றி வரைபடமாகவும் பார்க்கிறார்கள். அப்படி ஏற்றும்போது எங்கே சறுக்குகிறது என்பதைச் சொன்னால்தான் நாங்கள் கேட்பது புரியும். அதனால் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை வட்டாரத்தில் ஜவுளிக்கடை, சூப்பர் மார்க்கெட், லாட்ஜ், அண்டி ஆபீஸ் (முந்திரிப் பருப்பு ஆலை) என்று பல இடங்களில் முதலாளி அறைச் சுவரில், கடைக் கணக்கை ஒரே பார்வையில் காட்டும் ‘டேஷ்போர்டு’ என்ற திரை ஏறிவிட்டது. வண்ண வண்ணக் கட்டங்கள், ஏறி இறங்கும் கோடுகள். விற்க வந்தவர் காட்டிய மாதிரித் திரையில் எல்லாம் பளிச்சென்று இருந்திருக்கும்; அது மாதிரிக்கென்றே செய்த சுத்தமான கணக்கு. சொந்தக் கடைக் கணக்கை ஏற்றியதும் கதை மாறுகிறது. சில வாரங்களில் அந்தத் திரையில் கிரிக்கெட் ஓடத் தொடங்கிவிடும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. கல்லாவில் பில் போடும் நொடியிலேயே எண் கெட்டுப்போனால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய திரையும் அந்தக் கெட்ட எண்ணைத்தான் அழகாகக் காட்டும்.

திரையில் எதைப் போடுவது என்பதிலேயே முதல் தவறு நடக்கிறது. ‘இந்த மாத மொத்த விற்பனை’ என்று உச்சியில் கொட்டை எழுத்தில் ஒரு தொகை. அதைப் பார்த்து நாளைக் காலை எதை மாற்றிச் செய்வீர்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒரு மளிகைக் கடைக்கு உண்மையில் வேண்டியவை நாலைந்துதான்: இன்றே ஆர்டர் போடவேண்டிய சரக்கு, 90 நாள் தாண்டியும் அசையாத சரக்கு, தவணை கடந்த கடன் பாக்கி, நாம் கொடுக்கவேண்டிய பாக்கியில் கெடு நெருங்குவது, நேற்றைய கல்லா வித்தியாசம். பில் மொத்தத்திலிருந்து ரொக்கம், யுபிஐ, கார்டு, கடன் நாலையும் கழித்தால் பூஜ்யம் வரவேண்டும். வராவிட்டால் யாரைக் கேட்பது என்று தெரிந்திருக்கவேண்டும். இரவு கடை அடைக்கும் நேரத்தில் வந்த யுபிஐ தொகை, சேவையைப் பொறுத்து மறுநாள்தான் வங்கிக் கணக்கில் ஏறும். அதைத் தனி வரியாகக் காட்டாவிட்டால் தினமும் ஒரு பொய் வித்தியாசம் சிவப்பாக நிற்கும். நாலு நாள் பொய்ச் சிவப்பைப் பார்த்தவர் ஐந்தாம் நாள் உண்மைச் சிவப்பையும் கடந்து போவார்.

கொடுக்கவேண்டிய பாக்கி பற்றி ஒரு சொல். குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவை தருபவருக்கும் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தவறினால் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது; பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ‘பாக்கி 8 லட்சம்’ என்ற ஒற்றை எண்ணால் பயனில்லை. யாருக்கு, எத்தனையாவது நாள், அவர் உத்யம் (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) பெற்றவரா என்ற மூன்றும் பக்கத்தில் இருக்கவேண்டும்.

ஆர்டர் கணக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் பாக்கெட் சராசரியாக நாளுக்கு 40 போகிறது, ஆர்டர் போட்டால் 5 நாளில் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 மிச்சம் இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் நெருக்கடியான நாளில் 60 போகும், மழைக்காலத்தில் லாரி வர 8 நாள் ஆகும் என்றால் 480 வேண்டும். இடைப்பட்ட 280 பாக்கெட்தான் காப்பு. எல்லாச் சரக்குக்கும் இப்படிக் காப்பு வைத்தால் முதலீடு முடங்கும். எது இல்லையென்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவாரோ அதற்கு மட்டும் வையுங்கள். இந்தத் தேர்வைத் திரை செய்யாது, கடைக்காரர்தான் செய்யவேண்டும்.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. ‘ஓடாத சரக்கு’ பட்டியலில் வரும் சில பொருள்கள் உண்மையில் ஓடாதவை அல்ல, இல்லாதவை. மாதம் 30 நாளில் 60 எண்ணம் விற்றிருக்கிறது, நாளுக்கு 2 என்று திரை சொல்லும். ஆனால் தட்டில் சரக்கு இருந்ததே 12 நாள்தான் என்றால் விற்பனை வேகம் 5. நாளுக்கு 2 என்று நம்பிக் குறைவாக ஆர்டர் போட்டால் அடுத்த மாதம் இன்னும் சீக்கிரம் தீரும், வேகம் இன்னும் குறைவாகத் தெரியும், ஒருநாள் அந்தப் பொருளே கடையிலிருந்து மறைந்துவிடும். இதற்கு மருந்து எளிது. தினமும் கடை அடைக்கும்போது இருப்பு பூஜ்யமான பொருள்களின் பட்டியலைத் தனியாகச் சேமியுங்கள். விற்பனையை மாத நாளால் வகுக்காமல் சரக்கு இருந்த நாளால் வகுங்கள். பல பில்லிங் மென்பொருள்கள் இன்றைய இருப்பைத்தான் காட்டும், போன வாரம் செவ்வாய்க்கிழமை என்ன இருந்தது என்பதை எளிதில் காட்டா. அதனால் அன்றன்றே சேமிப்பதுதான் வழி.

பெயர்ச் சிக்கல் நம் மாவட்டத்தில் தனி ரகம். ஒரே வாழையை ஏத்தன், ஏத்தங்காய், நேந்திரன், நேந்திரம் பழம் என்று நாலு பேர் நாலு விதமாகப் பில் போட்டால் திரையில் நாலு பொருள். கொள்முதல் ஏத்தனில், விற்பனை நேந்திரனில். ஒன்றில் இருப்பு மலையாகக் குவியும், மற்றொன்றில் கழித்தல் குறியோடு பள்ளத்தில் கிடக்கும். மட்டி, செவ்வாழை, ரசகதலி எல்லாவற்றுக்கும் இதே வாய்ப்பு உண்டு. தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று: ‘கோட்டாறு’ என்பதில் உள்ள ‘கோ’வை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்த்தும் பதிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வெவ்வேறு எழுத்துவரிசை. ஏரியா வாரி விற்பனையில் கோட்டாறு இரண்டு முறை வந்தால் திகைக்க வேண்டாம், காரணம் இதுவாக இருக்கலாம். பழைய வானவில் எழுத்துருவில் அடித்த பெயர்கள் யுனிகோடு பெயர்களோடு பொருந்தவே பொருந்தா. ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாக் கூட்டலையும் அந்த எண்ணை வைத்தே செய்யுங்கள். பெயர் பார்ப்பதற்கு மட்டும்.

‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்பார்கள். எந்தப் படியால் அளந்தோம் என்பதையும் எழுதி வைத்தால்தான் அந்த அளவுக்கு மதிப்பு. வாழைக்காய் மண்டியில் குலையாக எடை போட்டு வாங்குகிறோம், கடையில் சீப்பாக வெட்டிக் கிலோவில் விற்கிறோம். கணக்குக்காக 12 கிலோ குலை ஒன்றைக் கிலோ 50 ரூபாய்க்கு வாங்கி 60க்கு விற்பதாகக் கொள்வோம். கிலோவுக்கு 10 ரூபாய் லாபம் என்று திரை சொல்லும். தண்டு 1.2 கிலோ போனால் மிச்சம் 10.8 கிலோ; விற்ற தொகை 648, வாங்கியது 600, லாபம் 48 ரூபாய். இனி கனிந்து கறுத்து 0.8 கிலோ குப்பைக்குப் போனால் விற்பனை சரியாக 600. பத்து ரூபாய் லாபம் காட்டிய சரக்கில் கையில் நின்றது ஒன்றுமில்லை. தண்டுக் கழிவும் அழுகலும் தனித்தனிக் காரணத்தோடு தினமும் பதிவாக வேண்டும். தண்டுக் கழிவு மாறாது, விலையில் சேர்த்துக்கொள்ளலாம். அழுகல் மாறும், அது கூடினால் கொள்முதல் அளவைக் குறைக்கவேண்டும் என்று பொருள். இரண்டையும் ‘கழிவு’ என்று ஒரே பெட்டியில் போட்டால் எதைச் செய்வது என்று தெரியாமல் போகும்.

தேதியில் நடக்கும் கூத்து இதைவிடப் பெரியது. பில்லிங் மென்பொருள் 05/11/2025 என்று நவம்பர் 5ஐ எழுதித் தருகிறது. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருந்தால் எக்செல் அதை மே 11 என்று எடுத்துக்கொள்ளும். 13/11 வந்தால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால் தேதியாக மாற்றாமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆக, மாதத்தின் 13 முதல் கடைசி வரை உள்ள விற்பனை வரைபடத்திலேயே வராது. முதல் 12 நாள் மட்டும் மாதம் மாறிச் சிதறிக் கிடக்கும். திரை ‘நவம்பர்’ என்று காட்டுவது உண்மையில் ஜனவரி 11, பிப்ரவரி 11, மார்ச் 11 என்று ஒவ்வொரு மாதத்துப் பதினொன்றாம் தேதி விற்பனைதான். அறிகுறி கண்ணுக்கு எதிரே இருக்கும்: தேதிப் பத்தியில் சில வலப்பக்கம் ஒட்டியும் சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கும். இடப்பக்கம் ஒட்டியவை எழுத்து. கணினியின் வட்டார அமைப்பை ஆங்கிலம்-இந்தியா என்று மாற்றிவிட்டுக் கோப்பைத் திரும்ப ஏற்றவேண்டும். ஏற்றியபின் திருத்தக் கூடாது, ஏனென்றால் மாறிப்போன தேதி எது, சரியான தேதி எது என்று அப்போது பிரிக்க முடியாது. பவர் குவெரி (எக்செல்லுக்குள் தரவை ஏற்றிச் சீராக்கும் கருவி) பயன்படுத்துவோர், தேதி மாற்றும் படியிலேயே ‘வட்டாரம் குறிப்பிட்டு மாற்று’ என்ற வழியைத் தேர்ந்தால் எந்தக் கணினியில் திறந்தாலும் பிசகாது.

சரியான தேதி கிடைத்துவிட்டால் போதுமா என்றால், குமரி மாவட்டத்தில் போதாது. இங்கே ஒரே கடை மூன்று காலண்டரில் வியாபாரம் செய்கிறது. திருவோணம் 2023இல் ஆகஸ்ட் 29. 2024இல் செப்டம்பர் 15. 2025இல் செப்டம்பர் 5. மார்த்தாண்டத்தில் சிப்ஸ் போடுபவரோ தோவாளையில் பூ வாங்கிக் கேரளத்துக்கு அனுப்புபவரோ 2024 ஆகஸ்டை 2023 ஆகஸ்டோடு ஒப்பிட்டால் வியாபாரம் படுத்துவிட்டது போலத் தெரியும்; செப்டம்பரில் எகிறிவிட்டது போலத் தெரியும். நடந்தது ஒன்றுமில்லை, ஓணம் இடம் மாறியது அவ்வளவே. இதை ஓரளவு எல்லோரும் ஊகித்துவிடுவார்கள். ஈஸ்டர் செய்யும் வேலைதான் யாருக்கும் எளிதில் பிடிபடாது. 2023இல் ஏப்ரல் 9, 2024இல் மார்ச் 31, 2025இல் ஏப்ரல் 20. நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. எண்ணிப் பாருங்கள்: 2023-24 நிதியாண்டுக்குள் இரண்டு ஈஸ்டர் விழுந்திருக்கிறது, 2024-25க்குள் ஒன்றுகூட இல்லை! விளவங்கோடு, கல்குளம் பக்கம் பேக்கரியோ இறைச்சிக் கடையோ துணிக்கடையோ வைத்திருப்பவர் இந்த இரு ஆண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘சரிவு’ என்று முடிவு கட்டினால், கணக்கு சரி, முடிவு தப்பு. தவக்காலமும் கூடவே நகர்கிறது. இறைச்சி இறங்கி மீன் ஏறும் அந்த 40 நாள் ஒரு வருடம் பிப்ரவரியில் தொடங்கும், இன்னொரு வருடம் மார்ச்சில்.

இதற்கு ‘நாள் அட்டவணை’ என்று ஒரு தனித் தாள் வேண்டும். வருடத்துக்கு 365 வரிகள், நாளுக்கு ஒன்று. ஆங்கிலத் தேதி, கிழமை, தமிழ் மாதம், மலையாள மாதம், முகூர்த்த நாளா, உள்ளூர் விடுமுறையா, ஓணத்துக்கு எத்தனை நாள் முன் அல்லது பின், ஈஸ்டருக்கு எத்தனை நாள், தீபாவளிக்கு எத்தனை நாள் என்று பத்திகள். மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேர், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா ஆகியவற்றையும் கடை இருக்கும் இடத்துக்கு ஏற்பச் சேர்க்கலாம். ஒருவர் ஒருநாள் உட்கார்ந்தால் மூன்று வருடத்துக்கும் முடித்துவிடலாம். அதன்பின் ‘போன ஆகஸ்டோடு ஒப்பிடு’ என்பதற்குப் பதில் ‘போன ஓணத்துக்கு முந்தைய பத்து நாளோடு ஒப்பிடு’ என்று திரையிடம் கேட்கலாம். அத்தம் முதல் திருவோணம் வரை அந்தப் பத்து நாள்தானே பூக்காரருக்கு அறுவடை.

கடலோரக் கடைகளுக்கு இந்த நாள் அட்டவணையில் இன்னும் இரண்டு பத்திகள் கூடும். விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டத்தில் கிழக்குக் கடற்கரைக் கணக்குப்படி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்குப்படி ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டும் 61 நாள். ஒரே மாவட்டத்துக்குள் இரு தடை, நடுவே ஜூன் 1 முதல் 14 வரை இரண்டும் சேர்ந்து நிற்கும். ஐஸ் பிளாண்ட், டீசல், வலைக்கடை, கருவாட்டு வியாபாரம் எல்லாவற்றிலும் இது அச்சடித்ததுபோல் தெரியும். ‘தடைக்காலம்: ஆம் / இல்லை’ என்ற ஒரே பத்தி வைத்தால் பாதிப் பொய். கிழக்கு, மேற்கு என்று இரண்டு வேண்டும். நாட்டுப்படகுகள் அப்போதும் போகும் என்பதால் சாளையும் நெத்திலியும் முழுதாக நின்றுவிடாது. ஆகவே மீன் விலையை ரகவாரியாகப் பிரிக்காமல் ஒரே சராசரியாகப் போட்டால் தடைக்கால உயர்வு எதனால் வந்தது என்று தெரியாது.

ஒக்கிப் புயல் அடித்த 2017 நவம்பர் கடைசியும், ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச்சுக்குப் பிந்தைய மாதங்களும் பல ஆண்டுச் சராசரியைக் கீழே இழுக்கும். அந்த நாள்களை அழிக்காதீர்கள். நாள் அட்டவணையில் குறியிட்டு, சராசரியிலிருந்து மட்டும் விலக்குங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30இல் திறந்தது. அதற்கு முந்தைய ஜனவரியை அளவுகோலாக வைத்து ஒரு லாட்ஜ் தன் மேலாளரைப் பாராட்டினால், பாராட்டில் எவ்வளவு மேலாளருக்கு, எவ்வளவு பாலத்துக்கு என்று திரை சொல்லாது.

லாட்ஜ் என்றதும் சொல்லவேண்டியது: நிரம்பிய அறை விழுக்காட்டை மட்டும் பார்த்து மகிழ வேண்டாம். 20 அறையில் 18 அறை 1,200 ரூபாய்க்குப் போனால் 21,600. 12 அறை 2,000க்குப் போனால் 24,000. 90 விழுக்காட்டை 60 விழுக்காடு வென்றது. மொத்த அறைக்கும் வகுத்து வரும் 1,080, 1,200 என்ற எண்களைத்தான் திரையில் போடவேண்டும்.

வரி மாறியதும் ஒப்பீடு கெடும். 2025 செப்டம்பர் 22 முதல் சோப்பு, பற்பசை, ஷாம்பூ, பிஸ்கட் ஆகியவற்றின் ஜிஎஸ்டி 18இலிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. வரியில்லாமல் 100 ரூபாய் மதிப்புள்ள பொருள் 118க்குப் பில் ஆனது, பிறகு 105க்கு. ஒரு பொருள்கூடக் குறையாமல் விற்றிருந்தாலும் வரி சேர்த்த விற்பனையில் 11 விழுக்காடு சரிவு தெரியும். விற்பனையை எப்போதும் வரி நீக்கிய தொகையிலும், பக்கத்தில் எண்ணிக்கையிலும் வையுங்கள். தொகை, எண்ணிக்கை இரண்டும் ஒரே திசையில் நகர்ந்தால் நம்பலாம். எதிரெதிராகப் போனால் விலையோ வரியோ எங்கோ மாறியிருக்கிறது.

சராசரியின் சராசரி எடுப்பது அடுத்த நோய். நாகர்கோவில் கடையில் 9 லட்சம் விற்பனைக்கு 12 விழுக்காடு லாபம், தக்கலைக் கடையில் 1 லட்சத்துக்கு 28 விழுக்காடு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 20 வரும். உண்மையில் 1,08,000 கூட்டல் 28,000, பத்து லட்சத்துக்கு 1,36,000, ஆக 13.6 விழுக்காடு. விழுக்காட்டைச் சேமிக்காதீர்கள், லாபத்தொகையையும் விற்பனைத்தொகையையும் சேமியுங்கள். விழுக்காட்டைத் திரையே கடைசியில் வகுத்துக்கொள்ளட்டும். 80க்கு வாங்கி 100க்கு விற்பதை ஒருவர் 25 விழுக்காடு என்றும் இன்னொருவர் 20 என்றும் எழுதும் வழக்கமும் உண்டு. வாங்கிய விலை மீதா, விற்ற விலை மீதா என்று திரையிலேயே எழுதிவிட்டால் சண்டை மிச்சம்.

அண்டி ஆபீஸ்களில் இந்த விழுக்காட்டுப் பிழை ஆளையே பாதிக்கும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். 80 கிலோ மூட்டைக் கொட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு தேறியது என்பதுதான் அங்கே ஆதாரக் கணக்கு. 48 பவுண்டு என்றால் 21.8 கிலோ, சுமார் 27 விழுக்காடு. அந்த 80 கிலோ காயப்போடுவதற்கு முந்தைய எடையா பிந்தைய எடையா என்று எழுதாவிட்டால் இரண்டு லாட்டை (ஒன்றாக வந்த சரக்குத் தொகுதியை) ஒப்பிடவே முடியாது. அடுத்தது முழுப்பருப்பு எவ்வளவு, உடைசல் எவ்வளவு என்பது. டபிள்யூ 320 என்பது ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 முழுப்பருப்பு; டபிள்யூ 240 அதைவிடப் பெரியது, விலை கூடியது. உடைந்தால் விலை இறங்கும். அதனால் உடைப்புக் குழுவாரியாக முழுப்பருப்பு விழுக்காட்டைத் திரையில் ஏற்றிவிடுகிறார்கள். கணக்குக்கு இரண்டு குழு. முதல் குழுவுக்கு நல்ல லாட்டில் 100 கிலோ பருப்பு, முழுசு 80. மோசமான லாட்டில் 300 கிலோ, முழுசு 165. இரண்டாம் குழுவுக்கு நல்ல லாட்டில் 300 கிலோ, முழுசு 225. மோசமான லாட்டில் 100 கிலோ, முழுசு 50. மொத்தத்தில் முதல் குழு 245, அதாவது 61 விழுக்காடு. இரண்டாம் குழு 275, அதாவது 69. முதல் குழுவுக்குத் திட்டு விழும். லாட்வாரியாகப் பாருங்கள்: நல்ல லாட்டில் 80க்கு 75, மோசமான லாட்டில் 55க்கு 50. இரண்டிலும் முதல் குழுவே கைதேர்ந்தது. மோசமான கொட்டை அவர்கள் மேசைக்கு அதிகம் போனதுதான் குற்றம். வறுப்பில் சூடு பிசகினாலும் உடைசல் கூடும், அதற்கும் உடைக்கும் பெண்கள் பொறுப்பல்லர். லாட் எண் இல்லாமல் ஆள்வாரி விழுக்காட்டைச் சுவரில் போடுவது அநியாயம் என்பது எங்கள் கருத்து. லாட் எண் இருந்தாலும் சுவரில் போடவேண்டுமா என்பது வேறு கேள்வி.

கருவிகள் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான கடைகளுக்கு டேலியிலிருந்தோ பில்லிங் மென்பொருளிலிருந்தோ எடுத்த கோப்பும் எக்செல்லில் கணக்கைச் சுருக்கிக் காட்டும் பிவட் அட்டவணையும் போதும். எக்செல் தாள் ஒன்றில் 10,48,576 வரிகள்தான் கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நாளுக்கு 400 பில், பில்லுக்கு 8 பொருள் என்றால் வருடத்துக்கு 11,68,000 வரி, தாளில் அடங்காது. நாள்வாரி, பொருள்வாரிச் சுருக்கமாக்கினால் அடங்கும். அதற்கு மேல் போனால், டேஷ்போர்டு செய்யும் மென்பொருளான பவர் பிஐ டெஸ்க்டாப் இலவசம். பிறரோடு பகிரத்தான் கட்டணம். ‘ரியல் டைம்’ என்று சொல்லி அதிகக் கட்டணம் கேட்டால் யோசியுங்கள். அதிகாலைக் கொள்முதலுக்கு நேற்றிரவுக் கணக்கு போதும். பகிரும்போது ஒரு எச்சரிக்கை: ‘வெப்பில் வெளியிடு’ என்ற பொத்தான் திரையை உலகத்துக்கே திறந்துவிடும், ‘இணைப்பு உள்ள எவரும்’ என்று திறந்த கூகுள் ஷீட்டும் அப்படியே. கல்லாவில் கேட்டு வாங்கிய வாடிக்கையாளர் கைபேசி எண்கள் அதில் இருக்கக் கூடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023லேயே சட்டம் வந்துவிட்டது.

இப்போது வேண்டுகோள். கடைக்காரர் தன் கொள்முதல் விலையைச் சந்தை விலையோடு ஒப்பிட வேறு ஆதாரம் அதிகம் இல்லை, தங்கள் பத்திதான். அதில் ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் அளவு இருக்கட்டும்: கிலோவா, குலையா, பெட்டியா, கூடையா. தரமும் இருக்கட்டும். ரப்பர் என்றால் ஆர்எஸ்எஸ் 4 (புகையிட்ட ரப்பர் தாளின் ஒரு தரம்) தாளா, தரம்பிரிக்காத தாளா, ஒட்டுப்பாலா என்பதில் விலையே வேறு. பிச்சி, மல்லிகை போன்றவை விடியலில் ஒரு விலையும் உச்சிப்பொழுதில் ஒரு விலையும் போவதால் எந்த நேரத்து விலை என்று ஒரு சொல். குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டோடு, பெரும்பாலும் கைமாறிய விலை மூன்றாவதாக. வரத்து இல்லாத நாளில் முந்தைய நாள் விலையையே திரும்ப அச்சிடாமல் ‘வரத்து இல்லை’ என்று போட்டால் பெரிய உதவி. அசையாத கோடு ஒன்று திரையில் ஓடும்போது விலை நிலையாக இருக்கிறது என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். பொருள்களின் வரிசையும் பெயரும் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும். ஏத்தன் என்றால் என்றும் ஏத்தன். அச்சுப் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தத்தில் தேதியும் சேர்த்துப் போடவேண்டும். இணையப் பதிப்பில் இந்தப் பத்தியைப் படமாக இல்லாமல் எழுத்தாக ஏற்றினால், நகலெடுக்கும்போது 700 என்பது 100 ஆகாமல் தப்பும்.

இடம் போதாது என்றால் எல்லாப் பொருளுக்கும் வேண்டாம். பிச்சி, மல்லிகை, ஏத்தன், மட்டி, தேங்காய், ரப்பர், சாளை, நெத்திலி ஆகிய எட்டுக்கு மட்டும் முதலில் செய்து பாருங்கள்.

இப்படிக்கு,
வணிகக் கணக்கு, தரவுப் பணியில் உள்ள வாசகர்கள்,
நாகர்கோவில்.